ஆகாயத் தொழிலாளி

பதுளை நகரின் தலைமாட்டில் நமுனுகுலை மலை நிற்கிறது. அதன் உயரம் 6,600 அடிக்கு மேல். மழைக் காலத்தில் வாரக்கணக்கில் அதன் உச்சியைக் காண இயலாது. அத்தகைய ஒரு நாளில், பத்தாந் தர மாணவர்க்கு வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மேகத்திற்கு மேலே எங்கோ ஒரு விமானம் செல்லும் ஓசை கேட்டது. பிள்ளைகளின் கண்கள் ஒரே நொடியில் சன்னலுக்குச் சென்றன.

"இவ்வளவு மேகத்திலே அவருக்கு எப்படி சேர் வழி தெரியும்?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

"அவர் எங்கே ஓட்டுகிறார்? எல்லாம் மெசின்தான் ஓட்டும். அவர் சும்மா உட்கார்ந்து கோப்பி குடிப்பார்" என்றான் அவளுக்குப் பின்னால் இருந்தவன்.

மூன்றாமவன் எழுந்து நின்றே சொன்னான்: "மஸ்கெலியாப் பக்கத்திலே ஏழு கன்னிமார் மலை இருக்குது சேர். அது காந்தமலை. முன்னே ஒரு பிளேனை இழுத்து அடிச்சிருச்சு. எங்க அப்பாயி சொன்னாங்க."

அன்றைய பாடம் அதோடு நின்றது. அம்மூவரும் சொன்னவை வெறும் பிள்ளைப் பேச்சல்ல. விமானத்தில் ஏறும் மக்களுள் பெரும்பாலோர், அதை நடத்துபவனைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்கள் இவைதாம்: ஒன்று, அவன் மாயக்காரன், இரண்டு, அவன் வேலையின்றிச் சம்பளம் வாங்குபவன், மூன்று, விபத்து என்பது விதியின் செயல். முதற் கேள்வியைக் கேட்ட மாணவியின் தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரவு விமானத்தில் வந்து இரவு விமானத்தில் திரும்புபவர். ஆகவே அக்கேள்விக்கு விடை காண்பது நம் கடமையாயிற்று.

ஏழு கன்னிமார் மலை

மூன்றாமவன் சொன்னதிலிருந்தே தொடங்குவோம். விபத்து மெய், காந்தம் பொய்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஒரு டக்ளஸ் டி.சி.-8 விமானம் புறப்பட்டது. ஒல்லாந்து நாட்டு மார்ட்டினேர் கம்பெனிக்குச் சொந்தமான அவ்விமானம் ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றிச் சென்றது. பயணிகள் 182 பேர். பணிக்குழுவினர் 9 பேர். கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஜித்தா செல்வது திட்டம். இரவு பத்து மணியளவில், கட்டுநாயக்காவை நோக்கி இறங்கிவந்த விமானம், விமான நிலையத்திற்குக் கிழக்கே ஏறக்குறைய நாற்பது கடல்மைல் தொலைவில், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னிமார் மலையில் மோதிச் சிதறியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இதனினும் கொடியது இன்றுவரை வேறில்லை.

அந்த ஆண்டு மலையகத்திற்கு எத்தகைய ஆண்டு என்பதை முதியோர் அறிவர். மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பசிச்சாவு நடந்த காலம் அது. லயத்துப் பசியும், வாழ்நாளில் ஒருமுறை புனித யாத்திரை போகப் பணம் சேர்த்த கீழைத்தேச எளியவர்களின் மரணமும் ஒரே மலைச் சாரலில் சந்தித்தன. மாண்டவர்களுள் பெரும்பாலோர் அங்கேயே மலையடியில் அடக்கம் செய்யப்பட்டனர்.

மலை இழுத்ததா? அலுமினியத்தாலாகிய விமானத்தை எந்த மலைக் காந்தமும் இழுக்காது. விசாரணையின் முடிவு வேறு. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைக் குழுவினர் பிழையாகக் கணித்தனர். விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கினர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் சார்ந்திருந்தமை அப்பிழைக்கு இடமளித்தது என்பதே அம்முடிவு.

டொப்ளர் கருவி என்பது யாது? விமானத்தின் அடியிலிருந்து வானொலி அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, விமானம் தரைக்கு மேலே எவ்வளவு வேகத்தில் எத்திசையில் செல்கிறது என்று அளக்கும் கருவி. அது நிலத்தைப் பார்ப்பதில்லை; கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கடன்காரக் கடைக்காரனின் கொப்பியில் முதல் வரியில் விழுந்த பிழை கடைசி வரிவரை பெருகுவதுபோல, அதன் சிறு பிழை ஒவ்வொரு மணி நேரமும் வளரும். கடலுக்கு மேலே அதன் துல்லியம் மேலும் குறையும். ஏனெனில், நீர்ப்பரப்பு தானும் அசைவது. அமைதியான நீர் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. சுரபாயாவிலிருந்து இலங்கை வரையிலான வழியிற் பெரும்பகுதி கடல். ஆகவே அன்றிரவு இருட்டில் அமர்ந்திருந்தவர்கள் அறிவிலிகளல்லர். பிழையான கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள். மலைகளுக்கு விளக்கில்லை.

இதில் வரலாறு மறக்கலாகாத ஒன்றுண்டு. மூன்றே நாள்களுக்கு முன்பு, டிசம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் போயிங் 727 விமானம் ஒன்று இதே போல் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். இறங்க அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்ன சொற்றொடரை அவர் ஒரு பொருளிலும் விமானிகள் வேறொரு பொருளிலும் கொண்டனர். அவ்விபத்தையடுத்து, நிலம் நெருங்குவதை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களிற் பொருத்துவதை அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. டொன் பேட்மன் என்னும் பொறியியலாளர் முன்னின்று உருவாக்கிய அக்கருவி, விமானம் ஆபத்தான முறையில் நிலத்தை நெருங்கினால், "மேலே எழு" என்று உரத்து ஒலிக்கும். கருவி 1974க்கு முன்பே இருந்தது, கட்டாயந்தான் இல்லை. மனித உயிர் போன பின்னரே சட்டம் பிறப்பது தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் நாம் கண்ட கதையன்றோ?

வீரனாகப் பிறந்து தொழிலாளியானவன்

விமானியைப் பற்றிய மயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் அவன் உண்மையிலேயே சாகசக்காரன். 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் தனியே பறந்தார். அங்கிருந்து அத்தபாலைச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். இந்தியாவின் முறையான விமானத் தபால் சேவை இவ்வாறு தொடங்கிற்று. இலங்கையில் 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது.

அந்த விமானம் பறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1948 நவம்பரில், குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழ் மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. யாருடைய பாட்டன்மார் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்களோ, வழியில் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் பலியானார்களோ, அவர்களுக்கு அந்த ஆகாய வழியில் இடமில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டபோதும் பதுளைக் கோச்சியில் அழுதுகொண்டு புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறியே இராமேசுவரம் சென்றனர். ஆகாயம் செல்வர்க்குரியதாயிருந்த காலத்தில், விமானியும் செல்வரின் உலகத்தைச் சேர்ந்தவனாகவே நம் கண்ணுக்குத் தோன்றினான்.

ஆனால் சாகசம் வணிகமாகிய அன்றே வீரன் கூலிக்காரனாகிவிட்டான். அமெரிக்காவில் இது விரைவில் வெளிப்பட்டது. இருளிலும் பனியிலும் தபால் மூட்டை சுமந்த விமானிகள் பலர் மாண்டனர். கம்பெனிகள் பெருகப் பெருகச் சம்பளம் குறைந்தது, நேரம் நீண்டது. 1931இல் டேவிட் பெங்கே என்னும் விமானி, வேலை போய்விடும் என்ற அச்சத்தால் இரகசியமாகக் கூடிய தோழர்களுடன், விமானிகள் சங்கத்தை அமைத்து, அதைத் தொழிற்சங்க சம்மேளனத்துடன் இணைத்தார். மறு ஆண்டே சோதனை வந்தது. செஞ்சுரி என்ற கம்பெனி தன் விமானிகளின் சம்பளத்தை வெட்டியது. மறுத்தவர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. 1934இல் தேசியத் தொழில் சபை தனது 83ஆம் தீர்ப்பில், விமானி மாதத்திற்கு 85 மணி நேரத்திற்கு மேல் பறக்கலாகாது என வரையறுத்தது. பின்னர் அது சட்டத்திலும் இடம்பெற்றது.

இவ்விடத்தில் ஊவா வாசகர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அதே ஆண்டில் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அச்சபையைக் கலந்தே காரியம் நடத்தத் துரையை உடன்பட வைத்தனர். சிக்காகோவில் ஒளிந்து கூடிய விமானியும் வேவெஸ்ஸ மலையில் வெளிப்படையாகக் கூடிய கொழுந்துத் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியார். இருவரும் கேட்டதோ ஒன்றே: "என் உழைப்பின் அளவைத் தீர்மானிப்பதில் எனக்கும் குரல் வேண்டும்."

ஓட்டுவது யார்?

இனி, "மெசின்தான் ஓட்டும்" என்ற கூற்று. தானியங்கிக் கருவி புதிதன்று. 1914ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகில், சேன் நதிக்கு மேலே, லாரன்ஸ் ஸ்பெரி என்னும் இளைஞர் தாம் ஓட்டிய விமானத்தில் இரு கைகளையும் உயர்த்திக் காட்டிப் பார்த்தோரை வியக்க வைத்தார். சுழலும் பம்பரம் தன் நிலையை மாற்றாது என்ற தத்துவத்தில் இயங்கிய கருவி விமானத்தை நேராக வைத்திருந்தது. இன்றைய கருவி உயரத்தையும் திசையையும் வேகத்தையும் காக்கிறது. எனினும், எவ்வுயரம், எத்திசை, எவ்வேகம் என்று அதற்குச் சொல்பவன் மனிதன். தரையிலிருந்து விமானத்தை எழுப்புபவன் மனிதன். மிகப் பெரும்பாலான வேளைகளில் தரையிறக்குபவனும் அவனே. மூடுபனிக் காலத்தில், அதற்கென வசதி செய்யப்பட்ட நிலையங்களில் மட்டும் கருவி தானே இறக்கும். அப்போதும் கை வைத்துக் காத்திருப்பவன் மனிதனே.

அவனது வேலை ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பயணிகளின் நிறை, சரக்கின் நிறை, வழியிலுள்ள காற்று, தேவையான எரிபொருள் ஆகியவற்றைக் கணக்கிடவேண்டும். கட்டுநாயக்காவில் இறங்க இயலாதெனில் மத்தளைக்கா, திருவனந்தபுரத்துக்கா என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கும் எரிபொருள் வைக்கவேண்டும். 2013இல் திறக்கப்பட்டு ஆள் நடமாட்டமின்றிக் கிடந்ததாக நாம் நகைத்த மத்தளை நிலையம், விமானியின் கணக்கில் நகைப்பிற்குரியதன்று. பொதுவாக ஆறு மாதத்திற்கொருமுறை போலி விமான அறையில், எஞ்சின் தீப்பிடித்தல் முதலிய இடர்களைச் செயற்கையாக ஏற்படுத்தி அவனைச் சோதிப்பர். தவறினால் வேலையில்லை. மருத்துவச் சோதனையும் அவ்வாறே. நியமனம் பெற்ற பின் நம்மில் எத்தனை ஆசிரியர் ஆறு மாதத்திற்கொருமுறை தேர்வெழுதுகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

கருவி கைவிடும் நொடியிலேதான் மனிதனின் பெறுமதி தெரியும். 2009 ஜூன் 1இல் அத்திலாந்திக் கடலின் மேல் சென்ற ஏர் பிரான்ஸ் விமானமொன்றில், வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. தானியங்கி விலகிற்று. அதுவரை கருவியை நம்பியிருந்த குழுவினர் சில நிமிட நேரக் குழப்பத்தில் விமானத்தின் நிலையை உணரவில்லை. 228 பேர் மாண்டனர். இதன் மறுபுறமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 24இல் எரிபொருள் கசிந்து இரு எஞ்சின்களும் நின்றுபோன ஏர் டிரான்சாட் விமானத்தை அதன் விமானிகள் காற்றிலேயே வழுக்கிச் சென்று அசோர்ஸ் தீவில் இறக்கினர். 306 பேரும் பிழைத்தனர். எஞ்சின் நின்றால் விமானம் கல்போல விழும் என்பது தவறு. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றாலும் ஏறக்குறைய நூறு மைல் தூரம் அது சறுக்கிச் செல்ல வல்லது.

"ஆகாயத்தில் குழி இருக்கிறது, விமானம் அதில் விழுகிறது" என்பது மற்றோர் எண்ணம். காற்றில் குழி ஏது? அப்புத்தளைக் கணவாயில் நின்று பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். பாறையில் மோதிய ஆறு அப்பாறைக்கு அப்பால் சுழித்துக் கொந்தளிப்பது போல, மலையைத் தாண்டும் காற்றும் மறுபுறத்தில் அலையாகி எழுந்து விழுகிறது. 1966இல் ஜப்பானின் பூஜி மலைக்கருகே அத்தகைய அலையில் ஒரு போயிங் 707 சிதைந்து 124 பேர் மாண்டதுண்டு. எனினும் அது மிக அரிது. பெரும்பாலும் காயமடைபவர் இடுப்புவார் கட்டாதவரே.

பெயரும் அரைப்பெயரும்

விமானிக்குக் கைநிறையச் சம்பளம் என்பர். மூத்த விமானிகள் பலருக்கு அது உண்மைதான். அவரை வறுமையில் கொழுந்துத் தொழிலாளியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஒப்பிடவேண்டியது உழைப்பை அளக்கும் முறையை.

தோட்டத்தில் அதிகாலையில் பிரட்டுக்குப் போவது, மலையேறுவது, கொழுந்துச் சாக்கைச் சுமந்து நிறுவைக்கு வந்து நிற்பது ஆகிய எதற்கும் கணக்கில்லை. தராசில் விழும் நிறைக்கே பெயர். குறித்த நிறை வராவிடில் அரைப்பெயர். விமான உலகிலும் இதன் சாயல் உண்டு. பல கம்பெனிகளில் ஊதியத்தின் பெரும்பகுதி பறந்த மணிக்கே உரியது. அதாவது, விமானம் நின்ற இடத்திலிருந்து அசைந்த நொடி முதல், சேர்ந்த இடத்தில் நின்ற நொடி வரை. முன்னாயத்தம், தாமதம், அடுத்த விமானத்திற்காகக் காத்திருத்தல் எல்லாம் உழைப்பே. ஆனால் தராசில் விழுவதில்லை.

"மாதத்திற்கு நூறு மணி நேரந்தானே வேலை!" என்று பொறாமைப்படுவோர் உளர். ஐரோப்பிய விதிகளின்படி 28 நாள்களில் 100 மணியும், நாட்காட்டி ஆண்டொன்றில் 900 மணியுமே பறக்கலாம் என்பது மெய். ஆனால் அது பறக்கும் நேரம், பணி நேரமன்று. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நான்கு மணிக்குப் புறப்படுவதும், மறுநாள் நள்ளிரவில் இறங்குவதும், அயல்நாட்டு விடுதியில் பகலில் திரையை மூடிக்கொண்டு உறக்கத்தை வருத்தி அழைப்பதும் அந்த நூறில் அடங்கா. பறக்கும் விமானத்தினுள்ளே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரத்திற்கு ஒத்தது. நம் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த இடமாகிய பட்டிப்பொலை 6,226 அடி. பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில், வறண்ட காற்றில், தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மணி நேரத்தைக் கழிப்பதே அவனது தொழில்.

உறக்கமின்மை மதுவைப் போன்றது. 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் அறிவும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவனுக்கு ஒப்பாகத் தளர்கின்றன என்று காட்டியது. மது அருந்திய விமானியை எந்தக் கம்பெனியும் ஏற்றாது. உறங்காத விமானியையோ அட்டவணையே ஏற்றி அனுப்புகிறது!

2009 பெப்ரவரி 12இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கொல்கன் கம்பெனியின் சிறு விமானம் வீழ்ந்து 50 பேர் இறந்தனர். வேகம் குறைந்தபோது தலைமை விமானி செய்த பிழையான செயலே காரணம் என்றது விசாரணை. எனினும் விசாரணை வேறு சில உண்மைகளையும் வெளிக்கொணர்ந்தது. துணை விமானியாகிய இளம்பெண்ணின் ஆண்டுச் சம்பளம் பதினாறாயிரம் டொலர் அளவே. வேலை செய்யும் நகரில் வாடகை கொடுக்க இயலாத சம்பளம். நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் விமானங்களில் பயணம் செய்து பணிக்கு வந்தவர் அவர். மாண்டோரின் குடும்பங்கள் விடாது போராடியதனால் அமெரிக்காவில் ஓய்வு விதிகள் மாற்றி எழுதப்பட்டன. சட்டத்தை எழுதியது நாடாளுமன்றம். எழுத வைத்தது தாய்தந்தையரின் கண்ணீர்.

மங்களூர் விமானத்தில் யார் இருந்தனர்?

நமக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2010 மே 22ஆம் நாள் விடியற்காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மங்களூரில் மேட்டு நிலத்தின்மேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர். எட்டுப் பேரே பிழைத்தனர். மாண்டவருள் பலர் வளைகுடாவில் உழைத்து, ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்.

குரல் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. உறக்கத்திலிருந்து விழித்தவனின் அறிவு உடனே முழுமையாக விழிப்பதில்லை. விமானம் உரிய உயரத்திற்கு மேலே நின்று மிக விரைந்து இறங்கியது. துணை விமானி, இறங்க வேண்டாம், மீண்டும் மேலெழுவோம் என்று பலமுறை எடுத்துரைத்தார். கேட்கப்படவில்லை.

கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவன் கேளாமை! ஆகாயத்தில் இது புதிய நோயன்று. 1977 மார்ச் 27இல் டெனரிஃப் தீவில், மூடுபனியில், ஒரே ஓடுபாதையில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். பணிநேரச் சட்டத்தின் எல்லை நெருங்குகிறதே என்ற அவசரத்தில் இருந்த தலைமை விமானி, முழு அனுமதி பெறாமலே விமானத்தை ஓட்டத் தொடங்கினார். எதிர் விமானம் பாதையை விட்டு விலகிற்றா என்று பொறியாளர் ஐயுற்றுக் கேட்டார், தலைவர் உறுதியாக ஆமென்றார், பொறியாளர் அடங்கிவிட்டார். அந்த அடக்கத்தின் விலை 583 உயிர். இதற்குப் பின்னரே, தலைவனை எதிர்த்துப் பேசுவது குற்றமன்று, கடமை என்று விமானிகளுக்கு முறையாகக் கற்பிக்கத் தொடங்கினர். துரைக்கு முன்னால் கணக்கப்பிள்ளையும், கணக்கப்பிள்ளைக்கு முன்னால் கங்காணியும், கங்காணிக்கு முன்னால் தொழிலாளியும் வாய்பொத்தி நின்ற மண்ணில் பிறந்த நாம், அப்பாடத்தின் அருமையை நன்கறிவோம். நம் வகுப்பறைகளிலும் அது இன்னும் கற்பிக்கப்படாத பாடம்.

"விமானியின் தவறு" என்ற இரு சொற்கள் பத்திரிகைக்குப் போதும், கம்பெனிக்கும் போதும். இறந்தவன் எழுந்து மறுமொழி கூறமாட்டான். ஆனால் அவ்விரு சொற்களுக்குப் பின்னால் யார் அட்டவணை வகுத்தார், எந்தக் கருவியைச் செலவு மிகுதி என்று தள்ளினார், எந்த ஓடுபாதையை மேட்டில் அமைத்தார் என்ற கேள்விகள் காத்து நிற்கின்றன. தவறு தனி மனிதனுடையது என்று முடித்துவிட்டால் நாளையும் அதே தவறு நிகழும். விமானியைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மங்களூரில் மேலெழுந்திருக்க வேண்டியவர் அவரே. ஆனால் அந்த நொடிக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்த வழியையும் ஆராய்வதே வரலாற்று நோக்கு.

2025 டிசம்பர்

போராட்டம் முடிந்துவிடவில்லை. இந்தியாவில் விமானிகள் சங்கங்கள் நீதிமன்றம் வரை சென்று வாதாடியதன் பயனாகப் புதிய ஓய்வு விதிகள் 2025இல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவில் செய்யலாகும் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. நவம்பர் முதல் நாள் இரண்டாங் கட்டம் தொடங்கிற்று. டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியாகிய இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் இரத்தாயின. புதிய விதிக்குப் போதிய விமானிகள் அதனிடம் இல்லை. நிலையங்களில் பயணிகள் தரையில் படுத்தனர், அழுதனர், சினந்தனர். அரசு அக்கம்பெனிக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளித்தது.

இக்காட்சியை நன்கு நோக்குதல் வேண்டும். விமானிக்கு ஓய்வு கொடுத்ததால் பயணிக்குத் துன்பம் வந்தது என்று அன்று பலர் பேசினர். ஓய்வு வரும் என்று முன்கூட்டியே அறிந்தும், போதிய ஆளை அமர்த்தாதது யார் என்று கேட்டவர் சிலரே. தொழிலாளியின் உரிமைக்கும் பொதுமக்களின் வசதிக்கும் பகை மூட்டி, இருவரையும் மோதவிட்டு நடுவே நிற்பது பழைய தந்திரம். தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோதெல்லாம், நாட்டின் அந்நியச் செலாவணி போகிறதே என்று நம்மேல் பழி சுமத்தியதும் அதே தந்திரந்தான்.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தேசிய விமானச் சேவையின் விமானிகள் பலர் வெளிநாடுகளுக்குச் சென்றனர். எஞ்சியவர்மேல் வேலைப்பளு கூடுவது இயல்பு. வைத்தியரும் ஆசிரியரும் சென்ற வழியே விமானிகளும் சென்றனர்.

இவையனைத்தையும் பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் மறுநாள் எடுத்துச் சொன்னேன். ஏழு கன்னிமார் மலை யாரையும் இழுக்கவில்லை என்பதைக் காந்தத்துண்டும் அலுமினியக் கரண்டியும் கொண்டு காட்டினேன். மெசின்தான் ஓட்டும் என்றவன், கரும்பலகையில் எழுதிய எரிபொருள் கணக்கைத் தானே செய்து பார்த்து இரண்டு முறை தவறினான். மூன்றாம் முறை சரியாகச் செய்தான்.

முதற் கேள்வி கேட்ட மாணவி மட்டும் நெடுநேரம் பேசாதிருந்தாள். மணியடித்தபின் மேசைக்கருகில் வந்து, "அப்படின்னா சேர், அம்மா வாற பிளேனை ஓட்டுறவர் நேத்து நல்லாத் தூங்கினாரா இல்லையான்னு யாரைக் கேட்கிறது?" என்றாள்.

விமானத்தில் ஏறுபவர் எவரும் கேட்காத கேள்வி அது. பயணச்சீட்டின் விலையைக் கேட்கிறோம். உணவு உண்டா என்று கேட்கிறோம். பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கேட்கிறோம். அவளுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தனியாக யாரையும் கேட்க முடியாது, மகள். அவர் தூங்க வேண்டும் என்று சட்டம் இருக்கவேண்டும். அந்தச் சட்டத்தைக் காக்க அவருக்குச் சங்கம் இருக்கவேண்டும். அவர்கள் ஓய்வு கேட்டு நிற்கும் நாளில், 'எங்கள் பயணம் தடைப்படுகிறதே' என்று அவர்களை ஏசாமல், நாமும் அவர்கள் பக்கம் நிற்கவேண்டும்."

வெளியே நமுனுகுலையின் உச்சியை மேகம் இன்னும் மூடியிருந்தது.